இயல் 6: கைக்கு எத்தனை அங்குலம்?

போன் கடைக்குள் நுழைந்ததும் விற்பனையாளர் சொல்லும் முதல் எண் விலை, இரண்டாவது எண் அங்குலம். “இது 6.7 சார், அது 6.5தான்” என்பார். கால் அங்குலம் கூடினால் அத்தனையும் லாபம் என்பதுபோல் பேச்சு போகும். இந்த இயலில் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அந்த எண்ணைச் சற்று ஒதுக்கி வையுங்கள். ஒரு போன் உங்கள் கைக்குச் சரிப்படுமா என்பதை அங்குலம் சொல்லாது. போனின் அகலமும் எடையும்தான் சொல்லும். அகலம் மில்லிமீட்டரில், எடை கிராமில். இவை இரண்டும் விளம்பரப் பலகையில் இருக்காது, கடைக்காரரும் தாமாகச் சொல்லமாட்டார். தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில், விவரக் குறிப்புகளின் கடைசிப் பகுதியில் யார் கண்ணிலும் படாமல் இருக்கும். வீட்டிலேயே பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள்.

மூலைவிட்டக் கணக்கு

திரை அளவு என்று விளம்பரத்தில் வருவது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை குறுக்காக அளந்த நீளம். எல்லாத் திரைகளும் ஒரே வடிவில் இருந்தவரை அந்த ஓர் எண் போதுமானதாக இருந்தது. பல ஆண்டுகளாகப் பெரும்பாலான போன்களின் திரை 16-க்கு 9 என்ற விகிதத்தில்தான் வந்தது. 2017-இல் எல்ஜி ஜி6 18-க்கு 9 விகிதத்திலும், சாம்சங் கேலக்ஸி எஸ்8 18.5-க்கு 9 விகிதத்திலும் நீண்ட திரைகளோடு வெளிவந்தன. இன்று கடையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை 20-க்கு 9, அல்லது அதற்கு மிக நெருங்கிய விகிதம். ஆண்டுக்கு ஆண்டு திரை நீண்டுகொண்டே போனது, அகலம் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிட்டது.

ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும், பிறகு அந்த எண்ணிடம் ஏமாறமாட்டீர்கள். 16-க்கு 9 விகிதத்தில் 5.5 அங்குலத் திரையின் அகலம் 68.5 மி.மீ. 20-க்கு 9 விகிதத்தில் 6.5 அங்குலத் திரையின் அகலம் 67.7 மி.மீ. ஓர் அங்குலம் பெரியது என்று நினைத்து வாங்கிய திரை, பழையதைவிடக் கொஞ்சம் குறுகல்! கூடியதெல்லாம் உயரத்தில்தான்: 122 மி.மீ. இருந்தது 150 ஆகியிருக்கிறது.

இதனால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. வாட்ஸ்அப் உரையாடலிலும் செய்திப் பக்கத்திலும் ஒரே பார்வையில் கூடுதல் வரிகள் தெரியும். ஆனால் வரியின் அகலம் கூடாததால் எழுத்தைப் பெரிதாக்க இடம் கிடைக்காது. வீடியோவிலும் இதே கதைதான். யூடியூபிலும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் பெரும்பாலானவை 16-க்கு 9 விகிதம். போனைப் படுக்கவைத்துப் பார்த்தால் இருபுறமும் கறுப்புப் பட்டை விழும். அந்த 6.5 அங்குலப் போனில் உங்கள் கண்ணுக்குக் கிடைக்கும் படம் சுமார் 5.4 அங்குலம்தான். சினிமாஸ்கோப் படம் பார்ப்பவருக்கு மட்டும் நீண்ட திரை உண்மையான ஆதாயம். 2.35 விகிதப் படம் 20-க்கு 9 திரையை ஏறக்குறைய முழுவதும் நிறைத்துவிடும். போனில் நீங்கள் பார்ப்பது சீரியலும் கிரிக்கெட்டுமா, படங்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். 6.5-க்கும் 6.7-க்கும் இடையிலான பணம் அதில் மிச்சமாகலாம்.

உடலின் அளவைப் பாருங்கள். 2011-இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகமான சாம்சங் கேலக்ஸி நோட்டின் திரை 5.3 அங்குலம், போனின் அகலம் 83 மி.மீ. 2024-இல் வந்த எஸ்24 அல்ட்ராவின் திரை 6.8 அங்குலம், போனின் அகலம் 79 மி.மீ. திரை ஒன்றரை அங்குலம் வளர்ந்தும் போன் 4 மி.மீ. ஒடுங்கியிருக்கிறது. திரையைச் சுற்றியிருந்த சட்டம் மெலிந்ததும் வடிவம் நீண்டதும் சேர்ந்து செய்த வேலை இது. அங்குலத்தை மட்டும் வைத்துப் ‘பெரிய போன்’, ‘சின்னப் போன்’ என்று வாதாடுகிறவர்கள் இரு தரப்பிலும் இதைக் கவனிப்பதில்லை.

பெரிதா, சிறிதா: பதினைந்து ஆண்டு வழக்கு

2007-இல் வந்த முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம், எடை 135 கிராம். 2010 ஜூலையில் ஒரு செய்தியாளர் கூட்டத்தில் ஸ்டீவ் ஜாப்ஸ், கைக்குள் அடங்காத போனை யாரும் வாங்கப்போவதில்லை என்ற பொருளில் பேசினார். 2012-இல் ஐபோன் 5 நான்கு அங்குலத் திரையோடு வந்தபோதும் ஆப்பிள் உயரத்தை மட்டுமே நீட்டியது. அகலம் முந்தைய போனைப் போலவே 58.6 மி.மீ. கட்டைவிரல் திரையின் எந்த இடத்தையும் தொடும் என்பதையே விளம்பரமாகவும் எடுத்தார்கள். அகலத்தைத் தொட்டால் கை பிடி நழுவும் என்பது அந்த வடிவமைப்பாளர்களுக்குத் தெரிந்திருந்தது.

சந்தை வேறு தீர்ப்பு சொன்னது. 2014 செப்டம்பரில் ஐபோன் 6 (4.7 அங்குலம்), 6 பிளஸ் (5.5 அங்குலம்) இரண்டும் வந்தன. முதல் மூன்று நாளிலேயே ஒரு கோடிக்கு மேல் விற்றதாக ஆப்பிள் அறிவித்தது. 6 பிளஸின் அகலம் 77.8 மி.மீ. திரையின் மேற்பகுதியைக் கட்டைவிரலுக்கு எட்டும்படி கீழே இறக்கும் வசதியையும் அதே போன்களில் சேர்த்தார்கள். கை எட்டாது என்பதை வடிவமைத்தவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் அதை நான் பார்க்கிறேன்.

சிறிய போன் பக்கம் நிற்பவர்களை ஏக்கக்காரர்கள் என்று ஒதுக்குவது தவறு. சமூகவியலாளர் ஜெய்னெப் துஃபெக்சி 2013-இலேயே கடுமையாக எழுதினார்: போன்கள் ஆண்களின் கைக்காக வடிவமைக்கப்படுகின்றன, துருக்கிப் போராட்டத்தின் நடுவே ஒரு கையால் படமெடுக்கத் தன் கைக்குப் போன் அடங்கவில்லை என்று. அவர் சொன்னது இன்னும் தீராத குறை. சராசரியாகப் பெண்களின் கை சிறியது. ஆனால் கடையில் ‘நடுத்தர அளவு’ என்று வைத்திருப்பது 75 மி.மீ. அகலமும் 190 கிராம் எடையும் உள்ள போன். நம் ஊரில் டவுன் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பயணச்சீட்டும் போனுமாக நிற்கும் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், 3 மி.மீ. எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்வார்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. அதே 2013-இல் ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பு ஆய்வாளர், பொது இடங்களில் போன் வைத்திருந்தவர்களை 1,333 முறை கவனித்துப் பதிவு செய்தார். திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில், ஒரு கையால் பிடித்து அதே கையின் விரலால் இயக்கியவர்கள் 49 சதவீதம். ஒரு கையில் தாங்கி மறு கையால் தொட்டவர்கள் 36 சதவீதம், இரு கைகளாலும் பிடித்து இயக்கியவர்கள் 15 சதவீதம். ஒரே ஆள் வேலைக்கு ஏற்ப பிடியை மாற்றிக்கொண்டே இருக்கிறார் என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே ஒற்றைக் கைக்கு எட்டாத போன் பயனற்றது என்ற வாதம் நிற்காது. ஆனால் கிட்டத்தட்ட பாதி நேரம் ஒற்றைக் கைதான் என்றால், அதைப் புறக்கணிக்கவும் முடியாது.

சிறிய போன்கள் சந்தையில் தோற்றதற்குக் காரணம் அளவு மட்டும் அல்ல, பேட்டரி. 2020-இல் வந்த ஐபோன் 12 மினி 64.2 மி.மீ. அகலம், கைக்கு அருமையான போன். வீடியோ ஓட்டினால் ஆப்பிள் கணக்குப்படி 15 மணி நேரம் தாங்கும், அதே வரிசையின் பெரிய 12 புரோ மேக்ஸ் 20 மணி நேரம். மாலைக்குள் சார்ஜ் தீரும் போனை எவ்வளவு பிடித்தாலும் எத்தனை நாள் வைத்துக்கொள்வது? 2022-இன் புதிய வரிசையில் மினியை விட்டுவிட்டு அந்த இடத்தில் 6.7 அங்குல பிளஸைக் கொண்டுவந்தார்கள். அதே 2022-இல் பெபிள் கைக்கடிகாரத்தை உருவாக்கிய எரிக் மிஜிகோவ்ஸ்கி, ஆறு அங்குலத்துக்குக் குறைவான நல்ல ஆண்ட்ராய்டு போன் வேண்டும் என்று இணையத்தில் கையொப்பம் திரட்டினார். அசூஸ் சில ஆண்டுகள் 5.9 அங்குல ஜென்போன்களைத் தந்துவிட்டு, 2024-இல் 6.78 அங்குலத்துக்குத் தாவியது.

இப்போது காற்று மெல்லத் திரும்புகிறது. சிலிக்கான்-கார்பன் வகை பேட்டரிகள் குறைந்த இடத்தில் கூடுதல் மின்சாரத்தைச் சேமிக்கின்றன. 2025-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஒன்பிளஸ் 13எஸ் 6.32 அங்குலத் திரை, சுமார் 72 மி.மீ. அகலம், 5,850 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி. சில ஆண்டுகளுக்கு முன் இந்த உடலுக்குள் இது நடக்காத காரியம். சிறிய போன் என்றால் பேட்டரி நிற்காது என்று இன்னும் யாராவது சொன்னால், அது பழைய தகவல் என்று சொல்லுங்கள்.

உங்கள் கையை அளப்பது

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. இப்போது வைத்திருக்கும் போனைக் கவர் கழற்றாமல் ஒரு கையில் எடுங்கள். வழக்கமாகப் பிடிப்பதுபோலவே பிடியுங்கள், சோதனைக்காக இறுக்க வேண்டாம். பிடியை மாற்றாமல் கட்டைவிரலைத் திரையின் நடு உயரத்தில் எதிர் விளிம்பு வரை கொண்டுபோங்கள். சிரமமின்றித் தொட்டால் இந்த அகலம் உங்களுக்குப் பொருந்துகிறது. உள்ளங்கை நகர்ந்தாலோ, போன் சாய்ந்தாலோ இது உங்கள் கைக்கு அதிகம். இனி அந்த மாடலின் அகலத்தைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் எண். புதிய போன் அதைவிட 2 மி.மீ. வரை கூடினால் கை பழகிக்கொள்ளும். 4 மி.மீ. கூடினால் ஒவ்வொரு நாளும் உணர்வீர்கள். மூலைக்கு எட்டுகிறதா என்று சோதிக்க வேண்டாம். இன்றைய போன்களில் மேல் மூலை யார் கைக்கும் எட்டாது. பின்செல்ல விளிம்பிலிருந்து இழுப்பது, முகவரிப் பட்டையைக் கீழே வைப்பது, ஆண்ட்ராய்டு 12 முதல் வரும் ஒற்றைக்கைப் பயன்முறை ஆகியவை உயரத்தைச் சமாளித்துவிடும். அகலத்துக்கு மென்பொருளில் அப்படி எளிய மருந்து இல்லை.

அளவுகோல் கையில் இல்லையென்றால் 500 ரூபாய் நோட்டை எடுங்கள். அது 150 மி.மீ. நீளம், 66 மி.மீ. அகலம். 50 ரூபாய் நோட்டு 135-க்கு 66. ஐபோன் மினி ஏறக்குறைய அந்த ஐம்பது ரூபாய் நோட்டின் அளவுதான். வாங்க நினைக்கும் போனின் நீள அகலத்தை ஒரு கெட்டி அட்டையில் வரைந்து வெட்டி, சட்டைப் பையில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள். 160 மி.மீ.-க்கு மேல் நீளமுள்ள போன் பல சட்டைப் பைகளில் தலை நீட்டி நிற்கும், குனிந்தால் விழும். கவரும் டெம்பர்ட் கிளாஸும் சேர்ந்தால் ஒவ்வொரு பக்கமும் இன்னும் கொஞ்சம் பெருக்கும் என்பதையும் அட்டையில் சேர்த்து வெட்டுங்கள்.

எடையைக் கடையிலேயே சோதிக்கலாம். காட்சிக்கு வைத்திருக்கும் போனைச் சுண்டுவிரல் அடியில் தாங்கும்படி பிடித்து, ஐந்து நிமிடம் எதையாவது படியுங்கள். விற்பனையாளர் பேசிக்கொண்டே இருப்பார், பேசட்டும். 170 கிராமுக்கும் 220 கிராமுக்கும் உள்ள வேறுபாடு முதல் நிமிடத்தில் தெரியாது. படுத்துக்கொண்டு படிக்கும் பழக்கம் இருந்தால் 200 கிராமைத் தாண்டாதீர்கள்.

தமிழ் படிப்பவர் கூடுதலாகப் பார்க்க வேண்டியது

தமிழ் எழுத்துகளுக்குள் நுணுக்கம் அதிகம். ண, ன, ஞ ஆகியவற்றின் சுழிகள், மெய்யெழுத்தின் புள்ளி, இகரத்தையும் ஈகாரத்தையும் பிரிக்கும் சிறு வளையம் ஆகியவை மங்கிய திரையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குறைந்த விலைப் போன்களில் பெரிய திரையைக் கொடுத்துவிட்டு பிக்சல்களைக் குறைத்துவிடுவார்கள். 6.5 அங்குலத் திரையில் 720-க்கு 1600 என்று இருந்தால் அங்குலத்துக்கு 270 பிக்சல், 1080-க்கு 2400 என்றால் 405. வீடியோவில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. நாளிதழின் சிறிய எழுத்தைத் தமிழில் படிக்கும்போது உடனே தெரியும். எச்டி பிளஸ் என்று எழுதியிருந்தால் முன்னது, ஃபுல் எச்டி பிளஸ் என்றால் பின்னது. தமிழில் நிறையப் படிப்பவர்கள் திரை அளவில் கால் அங்குலத்தை விட்டுக்கொடுத்தாவது இரண்டாவதை வாங்குங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தட்டச்சிலும் அகலம்தான் பேசும். ஆங்கில விசைப்பலகையின் மேல்வரிசையில் 10 எழுத்துகள். தமிழ்99-இன் மேல்வரிசையில் 12. அதை அப்படியே காட்டும் செயலியில், 67.7 மி.மீ. அகலத் திரையில் ஆங்கில விசை ஒன்றுக்கு 6.8 மி.மீ. கிடைக்கும், தமிழ் விசைக்கு 5.6 மி.மீ. தான். தமிழ்99-இல் நீளமாக எழுதுபவர் அகலமான போனைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. ஒலிபெயர்ப்பு முறையிலோ குரல் வழியாகவோ எழுதுபவருக்கு இந்தக் கவலை இல்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்கும்போது மேலே சொன்ன விதிகளைத் தலைகீழாக்குங்கள். அவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்த இடத்தில், ஒரு கையில் தாங்கி மறு கை ஆள்காட்டி விரலால் தொடுகிறார்கள். கட்டைவிரல் எட்டுவது அங்கே பொருட்டல்ல. எழுத்தைப் பெரிதாக்கினால் பல வங்கிச் செயலிகளில் பொத்தான்கள் திரைக்கு வெளியே தள்ளப்படும், தமிழ்ச் சொற்கள் பாதியில் வெட்டுப்படும். அகலமான திரையில் இந்தத் தொல்லை குறையும். 76 முதல் 78 மி.மீ. அகலப் போனை அவர்களுக்குத் துணிந்து வாங்கலாம். வாங்கிய அன்றே அமைப்புகளில் எழுத்தளவு, காட்சியளவு இரண்டையும் உயர்த்தி, அவர்கள் பயன்படுத்தும் செயலிகள் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

வளைவு, துளை, மடிப்பு

விளிம்பில் வளைந்த திரையை நான் பரிந்துரைப்பதில்லை. பார்க்க அழகுதான், பிடிக்கவும் மென்மைதான். ஆனால் உள்ளங்கை பட்டாலே தொடுகையாக எடுத்துக்கொள்ளும். சாதாரண டெம்பர்ட் கிளாஸ் சரியாக ஒட்டாது, புற ஊதா ஒளியில் இறுகும் பசை ஊற்றி ஒட்ட வேண்டும். அந்தப் பசை ஒலிபெருக்கித் துளைக்குள் இறங்கும் அபாயமும் உண்டு. வளைந்த திரையைப் பிரபலமாக்கிய சாம்சங்கே எஸ்24 அல்ட்ராவில் தட்டைத் திரைக்குத் திரும்பிவிட்டது. திரை தட்டையாகவும், உடலின் பின்புற விளிம்பு சற்று உருண்டும் இருக்கும் போன், அதே அகலமுள்ள சதுர விளிம்புப் போனைவிடக் கைக்குக் குறுகலாகத் தோன்றும்.

முன்கேமராவுக்கான துளை நடுவில் இருந்தாலும் ஓரத்தில் இருந்தாலும் இரண்டு நாளில் கண் மறந்துவிடும். அதற்காக ஒரு மாடலை ஒதுக்க வேண்டாம். மடிக்கும் போன் தனி இயலுக்கான பொருள். உள்திரையில் மடிப்பு விழும் இடம் நாளடைவில் பழுதாகலாம், மாற்றும் செலவும் மிக அதிகம் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

வாங்கும் முன் அந்த மாடலின் டிஸ்பிளே மாற்ற எவ்வளவு ஆகும் என்று நிறுவனத்தின் சேவை மையத்தில் விசாரியுங்கள். பழுதுபார்க்கும் கடைகளில் கண்ணாடியும் டச்சும் திரையும் சேர்ந்ததை ‘காம்போ’ என்பார்கள், அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் விலை உடனே கிடைக்கும். அமோலெட் திரை எல்சிடியைவிடக் கறுப்பில் ஆழமும் வெயிலில் தெளிவும் தரும், உடைந்தால் செலவும் கூடும். கை நழுவும் அளவுக்கு அகலமான போனுக்கு விலையுயர்ந்த திரை என்பது மோசமான சேர்க்கை.

என் முடிவு இது. பேருந்திலும் நடையிலும் வேலையிலுமாகப் போனைப் பயன்படுத்தும் பெரும்பாலோருக்கு 70 முதல் 73 மி.மீ. அகலம், 190 கிராமுக்குள் எடை, தட்டையான ஃபுல் எச்டி பிளஸ் திரை. அங்குலம் 6.1 முதல் 6.4 வரை அதுவாகவே அமையும். 15,000 ரூபாய்க்குள் தேடுபவர்களுக்கு இந்த அளவு கிடைப்பது அரிது, அந்த விலையில் ஏறக்குறைய எல்லாமே 6.5-க்கு மேல்தான். அங்கேயும் ஒரே விலையில் 74 மி.மீ. போனும் 78 மி.மீ. போனும் அடுத்தடுத்து இருக்கும். குறுகலானதையும் எடை குறைந்ததையும் எடுங்கள். வேண்டிய அளவில் எதுவுமே இல்லையென்றால் அதைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள். கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அடுத்த ஆண்டு அவர் அந்த அளவை வாங்கி வைப்பார்.